வழிவிட்டால் வானம் உள்ளே வரும்

எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் எந்த எஞ்சினாலும் காற்றை உறிஞ்ச முடியாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் இடம் காலியாகிறது. பிஸ்டனால் முடிந்தது அவ்வளவுதான். அந்த இடத்தை நிரப்புவது வெளியே நிற்கும் வானம். நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றுக்கு எடை உண்டு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் அது ஒரு கிலோ கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. 1643-ல் இத்தாலியில் இயற்பியலாளர் டாரிசெல்லியின் பாதரசக் குழாய் இதைக் காட்டிக்கொடுத்தது. காற்றுக் கடலின் அடித்தளத்தில் நாம் மூழ்கி வாழ்கிறோம் என்று அடுத்த ஆண்டு அவர் கடிதம் எழுதினார். அந்தக் கடலின் எடைதான் ஒவ்வொரு மூச்சையும் நமக்குள் தள்ளுகிறது. நெஞ்சுக்கூடு விரிந்து இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

இந்த உண்மையைக் கையால் தொட்டு அறிந்தவர்கள் தங்கள் விமானத்தைத் தாங்களே கட்டிக்கொள்பவர்கள். அமெரிக்காவில் இது பெரிய மரபு. ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல் பறந்திருக்கின்றன. பெட்டிகளில் வந்து இறங்கும் பாகங்களை வைத்து வீட்டு கராஜில் கட்டப்பட்டவை அவை. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ரிவெட் அடிப்பது, இறக்கை பொருத்துவது, மின்கம்பி இழுப்பது எல்லாம் முடிந்து எஞ்சின் ஏறிய பிறகு ஒரு வேலை வரும். எஞ்சினுக்குக் காற்று வரும் பாதையை அமைக்கும் வேலை. பார்வைக்குச் சின்னது, காற்று நுழையும் ஒரு முகவாய், ஒரு பெட்டி, ஒரு ஃபில்டர், ஒரு தகடு. ஆனால் வானத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது இது ஒன்றுதான்.

இந்த விமானங்களில் பரவலாக வைக்கப்படும் லைகமிங் ஓ-360 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு சுமார் 5.9 லிட்டர், நிமிடத்துக்கு 2,700 சுற்றில் 180 குதிரைத்திறன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் நிரம்ப வேண்டும். அப்படியானால் முழுச் சக்தியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,000 லிட்டர் காற்றுக்கு அது இடம் திறக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் போதும். ஒரு கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் விடும் மூச்சை இந்த ஒரே எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க ஆகும் நேரமோ நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அதற்குள் ஒன்றரை லிட்டர் காற்று ஃபில்டரைத் தாண்டி, பெட்டியில் திரும்பி, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் நுழைந்து, பெட்ரோலைச் சுமந்துகொண்டு, வால்வைக் கடந்து உள்ளே சேர்ந்தாக வேண்டும்.

பிஸ்டனின் விட்டம் 13 சென்டிமீட்டர். அதன் தலையளவு பரப்பின்மேல் வானம் வைத்து அழுத்தும் எடையைக் கணக்கிட்டால் 130 கிலோவைத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய கை பின்னால் நின்று தள்ளத் தயாராக இருக்கும்போது, கட்டுபவர் செய்ய வேண்டியது என்ன? குறுக்கே நிற்காமல் இருப்பது. காற்றுப்பாதை அமைப்பதன் முழுக் கலையும் இதற்குள் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். ஒவ்வொரு கூர்மையான முனையும், திடீர் வளைவும், சட்டென்று அகலும் சுவரும் வானத்தின் வழியில் போடும் தடை. காற்றுக்கு நிறை உண்டு, ஓட்டம் உண்டு. ஓடிய திசையிலேயே ஓடத்தான் பார்க்கும். முனை கூர்மையாக இருந்தால் சுவரை விட்டு விலகிச் சுழலும். குழாய் மெல்ல மெல்ல அகன்றால் வேகத்தை விட்டுக்கொடுத்து அழுத்தமாகத் திரும்பத் தரும். அவசரமாக அகன்றால் அந்தச் செல்வத்தைச் சுழலில் வீணடிக்கும். இரு பக்கச் சுவர்களுக்கும் இடையிலான விரிவு ஏழெட்டு டிகிரிக்குள் இருக்கட்டும் என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான். இந்த எல்லையை யாரும் விதித்துவிடவில்லை. காற்று படைக்கப்பட்டபோதே அதற்குள் வைக்கப்பட்ட சுபாவம் அது. மனிதர் அளந்து கண்டுபிடித்தார்கள்.

முகவாயைச் செய்யும் முறை அழகானது. எஞ்சின் ஓரிடத்தில் இருக்கிறது, மூக்குப்பக்கத்து மூடியில் காற்று நுழையும் வாய் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி விமானத்துக்கு விமானம் சற்று மாறும். எனவே கடையில் வாங்கிப் பொருத்த வழியில்லாத இடங்களில், பாலிஸ்டைரீன் நுரைக்கட்டியை, காற்று போக வேண்டிய பாதை எப்படியோ அப்படியே செதுக்குவார்கள். கண்ணாடி இழைத் துணியை எபாக்சி ரெசினில் நனைத்து அதன்மேல் அடுக்கடுக்காகப் போர்த்துவார்கள். இறுகியதும் அசிட்டோனை ஊற்றினால் நுரை கரைந்து போய்விடும். நாளெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய பொருள் மறைந்து, அது இருந்த இடம் மட்டும் மிஞ்சும். அந்தக் காலி இடம்தான் செய்ய நினைத்த பொருள். உட்சுவரை விரலால் தடவி, மேடு தட்டுகிறதா என்று பார்த்து, மறுபடியும் தேய்ப்பார்கள். யார் கண்ணிலும் படாத ஓர் உட்சுவருக்கு இவ்வளவு அக்கறை காட்டும் வேலை வழிபாட்டுக்குப் பக்கத்தில் நிற்பது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முகவாய் முன்னோக்கித் திறந்திருந்தால் இன்னொரு கொடையும் கிடைக்கும். விமானம் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் 8,000 அடி உயரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே வரும் காற்றை வாயில் வாங்கி நிதானமாக அமைதிப்படுத்தினால் ஓர் அங்குலப் பாதரசத்துக்குச் சற்று அதிகமான அழுத்தம் கூடுதலாகச் சேரும். அந்த உயரத்து வானத்தின் அழுத்தத்தில் அது இருபதில் ஒரு பங்கு. எஞ்சினைப் பொறுத்தவரை ஆயிரம் அடி கீழே இறங்கிவிட்டதற்குச் சமம். இதற்குத் தனியே ஒரு மோட்டாரோ பம்போ வேண்டாம். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்திருந்தால் போதும். எஞ்சின் அதிரும், மூடி அதிராது. ஆகவே அந்த இணைப்பு வளைந்து கொடுக்க வேண்டும், ஒழுகவும் கூடாது.

எதிர்க்காற்றையே மூச்சாக்கும் இந்த உத்தி மனிதரோடு தொடங்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் பெட்ரொநாத்தா கிகாஸ் என்ற பெரிய நீள்கொம்பு வண்டு இருக்கிறது. பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது; உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகளிலிருந்து கிளை பிரிந்து செல்லும் மெல்லிய குழாய்கள் தசைவரை காற்றைக் கொண்டுபோகும். 1960-களில் பி. எல். மில்லர் என்ற ஆய்வாளர் இந்த வண்டைப் பார்த்தபோது, அதன் நெஞ்சுக்குள் மிகப் பெரிய குழாய்கள் ஒரு துளையிலிருந்து பின்னால் உள்ள இன்னொரு துளைக்குச் செல்வதைக் கண்டார். வண்டு பறக்கும்போது எதிர்க்காற்று முன்துளையில் புகுந்து, பறக்கும் தசைகளின் ஊடாக ஓடி, பின்துளையில் வெளியேறுகிறது. இருட்டில் மரத்துக்கு மரம் போகும் ஒரு வண்டுக்குள் ஆர்வி விமானத்தின் முகவாய் இருக்கிறது. அது எந்த வரைபடத்தையும் பார்த்து வந்ததல்ல.

பூச்சிக் குழாய்களைப் பற்றி இன்னும் ஒன்று. எஞ்சினறைக்குள் காற்றைக் கொண்டுபோகும் வளையும் குழாய்க்குள் கம்பிச்சுருள் ஓடும். உள்ளே அழுத்தம் குறையும்போது குழாய் நசுங்கி ஒட்டிக்கொள்ளாமல் அந்தச் சுருள் தாங்கும். மலிவான குழாயில் உள்ளடுக்கு பிரிந்து வழியை அடைத்துவிடும் ஆபத்து இருப்பதால், குழாய் தேர்வில் அனுபவசாலிகள் கடும் கண்டிப்புக் காட்டுவார்கள். தும்பியின் மூச்சுக்குழாயை நுண்நோக்கியில் வைத்துப் பாருங்கள். உட்சுவரில் கைட்டினால் ஆன சுருள் தடிப்பு வளைந்து வளைந்து ஓடுகிறது, அதே வேலைக்காக. மயிரிழையைவிட மெலிந்த கிளைகளிலும் அந்தச் சுருள் தொடர்கிறது.

இனி வெப்பம். விமானம் கட்டுபவர் தம் வேலையில் மிகுந்த பயபக்தி காட்ட வேண்டிய இடம் இது. கார்புரேட்டரின் கழுத்தில் காற்று குறுகி வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் விழும், பெட்ரோல் ஆவியாகும். இரண்டும் சேர்ந்து வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அந்த இடத்தின் வெப்பநிலை முப்பது டிகிரி செல்சியஸுக்கு மேலும் குறையக்கூடும். காற்றில் ஈரம் இருந்தால் அது காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டில் பனிக்கட்டியாகப் படியத் தொடங்கும். பனியையே பார்த்திராத ஊரில், வெளியே 25 டிகிரி இருக்கும் ஈரமான காலையில், எஞ்சினின் தொண்டை உறைந்து அடைபடும். நம் கடலோர ஊர்களின் மழைக்காலக் காற்று இதற்குப் போதுமானது. விமானி முதலில் காண்பது சுற்று எண்ணிக்கை மெல்ல இறங்குவதை. கவனிக்காமல் விட்டால் எஞ்சின் நின்றுபோகும்.

அதனால் காற்றுப்பெட்டியில் இரண்டாவது கதவு ஒன்று உண்டு. புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறை. அதற்குள் ஓடிச் சூடேறிய காற்று ஒரு குழாய் வழியே பெட்டிக்கு வரும். விமானி ஒரு குமிழை இழுத்தால் தகடு திரும்பி, குளிர்ந்த வழியை அடைத்து, சூடான வழியைத் திறக்கும். உறைநிலையை ஒட்டிய காற்றை 75 சதவீதச் சக்தியில் 90 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 50 டிகிரி செல்சியஸ், உயர்த்தித் தர வேண்டும் என்று தொழிற்சாலை விமானங்களுக்கான அமெரிக்க விதி கேட்டது. வீட்டில் கட்டுபவரும் அந்த அளவை எட்டுவது நல்லது. இழுத்த உடனே எஞ்சின் சற்றுத் தடுமாறும், உருகிய நீர் உள்ளே போவதால். கொஞ்ச நேரத்தில் தெளிந்து சுற்று ஏறும். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இதே கதவுதான் உயிர் காக்கும் மாற்று வழி.

ஃபில்டர், சூடேற்றும் உறை, மாற்று வழி என்ற இதே மூன்று பாகங்களை நாம் முகத்தில் சுமந்துகொண்டு திரிகிறோம். மூக்குத் துளையின் ரோமமும் அதற்குப் பின்னுள்ள பிசுபிசுப்பான சளிப்படலமும் ஃபில்டர். விமானத்தில் எண்ணெய் பூசிய பருத்தி வலை செய்வதும் தூசியை ஒட்டிப் பிடிப்பதுதான். மூக்குக்குள் சுருண்டிருக்கும் சங்கெலும்புகளின்மேல் ரத்தம் நிரம்பிய சவ்வு போர்த்தியிருக்கிறது. குளிர்ந்த காற்று தொண்டையைத் தாண்டும் முன்பே உடல் வெப்பத்தை நெருங்கிவிடுகிறது, ஈரமும் ஏறிவிடுகிறது. மூக்கடைத்தால் வாய். இவை எல்லாவற்றையும் வெறும் மூக்கு என்று நாம் ஒதுக்கிவிட்டுப் போகிறோம். காற்றுப்பெட்டி ஒன்றைக் கையால் செய்து பார்த்தவர் அப்படி ஒதுக்க மாட்டார்.

உலகின் முதல் விமானமும் பறந்தவர்களே கட்டிக்கொண்டதுதான். 1903-ல் ஓஹையோவின் டேட்டனில், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் அந்த எஞ்சினைச் செய்து முடித்தார். அதில் இன்றைய பொருளில் கார்புரேட்டர் கிடையாது. இறக்கைத் தூணில் கட்டிய சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக வடிந்து, சிலிண்டர்களை ஒட்டிய ஆழமற்ற ஓர் அறையில் உள்ளே வரும் காற்றோடு கலந்தது. எஞ்சினின் சூடே அதை ஆவியாக்கியது. பன்னிரண்டு குதிரைத்திறன் அளவுக்குத் தந்த அந்தக் கரடுமுரடான காற்றறை, டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் பக்கத்து மணல்வெளியில் மனிதரைத் தூக்கியது. இன்றைய லைகமிங் எஞ்சினிலும் கலவை செல்லும் குழாய்கள் சூடான எண்ணெய்த் தொட்டிக்குள்ளாகவே போகின்றன. டெய்லரின் அறையில் நடந்த காரியம் வேறு உருவில் தொடர்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பறவையிடம் வரும்போதுதான் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

நம் நுரையீரலில் காற்று போன வழியிலேயே திரும்பி வருகிறது. பழைய காற்றும் புதிய காற்றும் ஒரே சந்தில் முட்டிக்கொள்கின்றன. பறவைக்கு அப்படி இல்லை. அதன் நுரையீரல் ஏறக்குறைய விரியாமல் சுருங்காமல் விலாவோடு ஒட்டி இருக்கிறது. முன்னும் பின்னுமாக உள்ள காற்றுப்பைகள்தான் துருத்திபோல விரிந்து சுருங்குகின்றன, பெரும்பாலான பறவைகளில் ஒன்பது பைகள். உள்ளிழுக்கும் காற்றில் பெரும்பங்கு முதலில் பின்பைகளுக்குப் போகும். வெளிவிடும்போது அங்கிருந்து நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் ஓடும். அடுத்த மூச்சில் முன்பைகளுக்கு நகரும். அதற்கடுத்த வெளிமூச்சில்தான் உடலைவிட்டுப் போகும். ஒரு கவளக் காற்று பறவைக்குள் வந்து வெளியேற இரண்டு மூச்சு ஆகிறது. உள்ளிழுத்தாலும் வெளிவிட்டாலும் நுரையீரலின் முக்கியக் குழாய்களில் காற்று ஒரே திசையில், பின்னிருந்து முன்னாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் அதைக் குறுக்காகச் சந்தித்து ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். காற்று தவறான கிளைக்குள் திரும்பாமல் தடுப்பது எது? ஓ-360-ல் அந்த வேலைக்கு எட்டு வால்வுகள், கேம்ஷாஃப்ட், ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் எண்ணெய். பறவையை அறுத்துத் தேடியவர்களுக்கு ஒரு வால்வும் கிடைக்கவில்லை. மூடித் திறக்கும் இதழ் எதுவும் இல்லை.

கிடைத்தது வேறு. கூஸ் எனப்படும் பெரிய வாத்தின் முதன்மை மூச்சுக்கிளையில், முன்பைகளுக்குப் போகும் கிளைகள் பிரிவதற்குச் சற்று முன்பு, குழாய் குறுகுகிறது. காற்று அங்கே வேகமெடுக்கிறது. வேகமெடுத்த காற்று தன் ஓட்டத்தாலேயே பக்கக் கிளைகளின் வாயைத் தாண்டி நேராகப் பின்னால் பாய்ந்துவிடுகிறது. கூர்மையான வளைவில் காற்று சுவரைவிட்டு விலகும் என்று மேலே சொன்னேனே, கட்டுபவர் அஞ்சி அஞ்சித் தேய்க்கும் அதே சுபாவம், இங்கே வால்வாக வேலை செய்கிறது. 1980-களில் இதைச் சோதித்த ஆய்வாளர்கள் வாத்துகளுக்கு அடர்த்தி வேறுபட்ட வாயுக்களைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். வாயு இலேசானபோது இந்தக் கதவில்லாக் கதவு சரியாக மூடவில்லை. காற்றின் நிறையும் வேகமும்தான் கதவு என்பது உறுதியாயிற்று. குறுகல் நிலையானதுமல்ல. ஓய்வில் மூச்சு மெதுவாக இருக்கும்போது அது இறுகி வேகத்தைக் கூட்டுகிறது. மூச்சு பலமாகும்போது அகன்று வழிவிடுகிறது.

வரித்தலை வாத்து இப்படி ஒருவழியாக ஓடும் மூச்சோடுதான் இமயத்தைக் கடக்கிறது. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கு வரும் பறவை. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம்வரை இறங்கி வருகிறது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தைத் தொட்டது. 5,500 மீட்டரிலேயே காற்றின் அழுத்தம் பாதியாகிவிடும். டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் ஏறத்தாழ பாதியாகும். வானமே தள்ளுவதைக் குறைத்துக்கொள்ளும் அந்த உயரத்தில், இறக்கையை அடித்து அடித்து ஏறும் ஒரு வாத்து மலை கடக்கிறது. அதன் பெரிய நுரையீரலும், ஆக்ஸிஜனை இறுகப் பற்றும் ஹீமோகுளோபினும், ஆழ்ந்த மூச்சும் சேர்ந்து இதைச் செய்கின்றன. படைத்தவன் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் எத்தனை யோசித்து வைத்திருக்கிறான் என்று எண்ணும்போது வாய் அடைத்துப்போகிறது.

வால்வு இல்லாமல் ஒருவழிப் போக்கை உண்டாக்க மனிதரும் முயன்றிருக்கிறார்கள். 1920-ல் நிகோலா டெஸ்லா, அசையும் பாகமே இல்லாத ஒரு குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். ஒரு திசையில் எளிதாக ஓடும் நீர்மம், எதிர்த்திசையில் தன்னோடு தானே மோதிக்கொள்ளும் அமைப்பு அது. 2021-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் லீஃப் ரிஸ்ட்ரோஃபின் குழுவினர், பறவை நுரையீரலை மாதிரியாக வைத்து வளையங்களாக இணைத்த குழாய்களைச் செய்து, நீரை முன்னும் பின்னும் அசைத்தார்கள். வளையத்துக்குள் நீர் ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. குழாய்கள் சந்திக்கும் விதமே அந்த வேலையைச் செய்தது.

கராஜில் கட்டும் காற்றுப்பெட்டியில் இன்றைக்கும் தகடும் கீலும்தான் இருக்கின்றன. எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நொடியும் அந்தத் தகடு அதிர்கிறது. ஃபில்டருக்கு அப்பால் எது கழன்றாலும் நேரே எஞ்சினுக்குள் போகும் என்பதால், அங்கே திருகும் நட்டும் குறைவாக, ரிவெட் அதிகமாக இருக்கும்படி செய்வார்கள். இருக்கும் போல்ட்டுகளைப் பூட்டுக்கம்பியால் கட்டுவார்கள். ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனையில் மூடியைக் கழற்றி, விளக்கைப் பிடித்து, தகட்டின் ஓரத்தில் விரிசல் உண்டா என்று பார்த்து, கீலைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் மாற்றிவிட வேண்டும்.